ஏரி எங்கே போயிற்று?

சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையில் புதுவாயல் என்று ஓர் ஊர் உண்டு. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அங்கேதான் பெரியபாளையத்துக்கு ஒரு சாலை பிரிகிறது. ஆடி மாதத்தில் வேப்பிலையும் மஞ்சள் சேலையுமாக அம்மனைத் தேடிப் போகும் கூட்டம் ஒரு புறம். செவ்வாய்க்கிழமைதோறும் சிறுவாபுரி முருகனைத் தரிசிக்கப் போகும் கூட்டம் ஒரு புறம். இரும்புச் சுருள்களைச் சுமந்துகொண்டு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகள் ஒரு புறம். இந்தச் சந்தடிக்குச் சற்று விலகியிருக்கிறது நாம் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடம். அங்கே நாம் செய்த ஒரு பிழையை இந்த வாரம் நேயர்கள் முன் வைக்கலாமென்று நினைக்கிறோம். உபாத்தியாயர்கள் பிழை செய்வது அபூர்வமல்ல. அதை அச்சில் ஏற்றுவதுதான் அபூர்வம்.

எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் இருக்கும் மானிட்டர்கள் புதியனவல்ல. அவற்றின் எண்ணிக்கையும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒருநாளும் ஒத்துப் போனதில்லை. ஆகவே ஒரு மானிட்டருக்கு மூன்று பேர் என்பது எங்கள் சட்டம். இருவர் பெஞ்சியில் உட்காருவார்கள். மூன்றாமவர் பின்னே நின்றுகொண்டு அவர்கள் தலைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். அன்று பூகோள பாடம். திருவள்ளூர் ஜில்லாவின் படம் திரையில் இருந்தது. பூண்டி, சோழவரம், புழல் ஆகிய நீர்த்தேக்கங்களும், 2020-இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை நீர்த்தேக்கமும் கருநீலத்தில் இருந்தன. பழவேற்காடு ஏரி உவர்நீர் ஏரியாதலால் அதற்கு மட்டும் மிக மெல்லிய வெளிர் நீலம். "இந்தப் படத்தில் எத்தனை நீர்நிலைகள் காட்டப்பட்டிருக்கின்றன?" என்று கேட்டோம். பின்னே நின்றுகொண்டிருந்த ஒரு சிறுமி, "நான்கு, ஸார்" என்றாள்.

அந்தப் பெண்ணின் தகப்பனார் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் வேலை செய்கிறார். தாயாருக்குப் பிறந்த ஊரோ பழவேற்காடு. அது நமக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் நமக்குக் கோபம் அதிகமாயிற்று. "ஏனம்மா, உன் பாட்டி வீட்டு வாசலில் இருக்கும் ஏரியே உன் கண்ணுக்குப் படவில்லையா?" என்றோம். வகுப்பு சிரித்தது. சிறுமி திரையையே உற்றுப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மார்க்குப் புத்தகத்தில் அவள் பெயருக்கு எதிரே ஒரு சுழியைப் போட்டுவிட்டு நாம் மேலே போய்விட்டோம்.

பாடம் முடிந்து பிள்ளைகள் போன பிறகு நமது பேனா கை தவறி அதே மானிட்டருக்கு முன்னால் தரையில் உருண்டது. எடுப்பதற்காகக் குனிந்து, நிமிரும்போது திரை கண்ணில் பட்டது. என்ன ஆச்சரியம்! படம் முழுவதும் இருண்டு கிடந்தது. வெளுத்திருக்க வேண்டிய இடங்கள் கறுத்தும், கறுத்திருக்க வேண்டிய சில இடங்கள் வெளுத்தும், போட்டோ நெகடிவைப் பார்ப்பது போல் இருந்தது. யந்திரம் கெட்டுவிட்டதென்று நினைத்து எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தோம், படம் சரியாயிருந்தது. பிறகுதான் நமக்குச் சுரீர் என்றது. எழுந்து அந்தச் சிறுமி நின்ற இடத்திற்குப் போனோம். அவள் உயரத்திற்கு முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு மேலிருந்து திரையைப் பார்த்தோம். பூண்டி இருந்தது, புழல் இருந்தது, சோழவரமும் கண்ணன்கோட்டையும் இருந்தன. பழவேற்காடு இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள்!

அவள் கண்ணில் கோளாறில்லை, கவனத்திலும் கோளாறில்லை. நான்கு தெரிந்தது, நான்கு என்றாள்.

அன்று மாலை வீட்டிற்குப் போன பிறகும் நமக்கு மனம் சமாதானமாகவில்லை. எத்தனை வருஷங்களாக அந்த மூன்றாவது இடத்தில் பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறோம்! எத்தனை சுழிகள்! அவற்றில் எத்தனை பிள்ளையைச் சேர்ந்தவை, எத்தனை திரையைச் சேர்ந்தவை என்று இனி யார் பிரித்துச் சொல்வது?

இதற்குக் காரணத்தை விளக்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 2006-ஆம் வருஷம் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் ஏழை வீடுகளுக்கு இலவசமாகக் கலர் டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கினார்கள் அல்லவா? 14 அங்குலத் திரை. பின்புறம் பானை வயிறு போல் தள்ளிக்கொண்டிருக்கும். ஆனால் அதற்கு ஒரு பெருந்தன்மை இருந்தது. தரையில் படுத்திருக்கும் குழந்தைக்கும், திண்ணையிலிருந்து எட்டிப் பார்க்கும் பாட்டிக்கும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அடுத்த வீட்டுப் பையனுக்கும் அது ஒரே நிறத்தைத்தான் காட்டிற்று. அந்தக் கண்ணாடிக் குழாயின் உட்புறத்தில் பூசிய பாஸ்பரப் பொடி, எலெக்ட்ரான் வந்து தாக்கியவுடன் தானாகவே ஒளிவிடும். தானே ஒளிர்கிற பொருள் எல்லாத் திசைக்கும் ஏறக்குறைய ஒரே விதமாகவே ஒளியை வழங்கும். குத்துவிளக்கு கூடத்துக்கு ஒரு நிறமும் தாழ்வாரத்துக்கு ஒரு நிறமுமா காட்டுகிறது?

பிறகு தட்டைத் திரைகள் வந்தன. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி நமது ஜில்லாவிலேயே, திருவள்ளூரை அடுத்த காக்களூரில், மாணவர்களுக்கு இலவச லாப்டாப் வழங்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. லாப்டாப் என்பது மடியில் வைத்து ஒருவர் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட யந்திரம். ஆனால் நம்மூரில் ஒரு வீட்டுக்குள் வந்த எந்தப் பொருள்தான் ஒருவருக்கு மட்டும் சொந்தமாயிருந்திருக்கிறது? அண்ணன் நடுவில் உட்காருவான்; தம்பி இடப்பக்கம், தங்கை வலப்பக்கம், அம்மா பின்னால். "சற்றுச் சாய்த்து வையடா, எனக்குக் கறுப்பாய்த் தெரிகிறது" என்று அம்மா சொல்வாள். சாய்த்தால் அண்ணனுக்கு வெளுத்துப் போகும். இந்தச் சண்டையை நேயர்களில் பலரும் கேட்டிருக்கலாம்.

தட்டைத் திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டிருக்கிறது. முன்னால் கோடானுகோடி நுண்ணிய குச்சிகள் நின்று அந்த வெளிச்சத்தை விடுவதும் மறிப்பதுமாக இருக்கின்றன. அந்தக் குச்சிகள்தாம் திரவ ஸ்படிகம் என்னும் பொருளின் அணுக்கூட்டங்கள். திரவம் போல் ஓடவும் செய்யும், ஸ்படிகம் போல் வரிசை கட்டி நிற்கவும் செய்யும் விசித்திரப் பிறவி அது. 1888-இல் பிராஹா நகரத்தில் ரைனிட்ஸர் என்னும் தாவர சாஸ்திரி, காரட் கிழங்கிலிருந்து எடுத்த ஒரு பொருள் ஒரு முறை உருகிக் கலங்கி, மறுபடியும் சூடேற்றினால் இரண்டாம் முறை உருகித் தெளிவதைக் கண்டார். இப்பொருளுக்கு ஏறக்குறைய எண்பதாண்டு காலம் பெரிய வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. 1970-ஆம் வருஷக் கடைசியில் ஸ்விட்ஸர்லாந்தில் ஷாட், ஹெல்ஃப்ரிஷ் என்னும் இருவர், திருகி நிற்கும் இக்குச்சிகளை மின்சாரத்தைக் கொண்டு நிமிர்த்தி ஒளியை அடக்கும் உபாயத்தைக் கண்டுபிடித்து உரிமை பதிவு செய்தார்கள். ட்விஸ்டெட் நிமேடிக் என்று அதற்குப் பெயர். டி.என். என்று சுருக்கிச் சொல்வார்கள். தமிழில் முறுக்கு வகை எனலாம். தின்னும் முறுக்குடன் குழப்பிக்கொள்ளாமலிருந்தால் சரி.

முறுக்கு வகையில் கோளாறு எங்கே வருகிறது? பொன்னேரிப் பக்கத்து வயலை நினைத்துக்கொள்ளுங்கள். கதிர் முற்றிய பயிர் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அது சாய்ந்திருக்கும் திசையில், சாய்வின் நேரே நின்று பார்க்கிறவனுக்குக் கதிர்களின் நுனி மட்டும் தெரியும். எதிர்ப்புறத்து வரப்பில் நின்று பார்க்கிறவனுக்கு நெடுந்தாள் முழுவதும் தெரியும். வயல் ஒன்றுதான், பயிரும் ஒன்றுதான். திரைக்குள்ளும் இதே கதை. முழு வெளுப்புக்கும் முழுக் கறுப்புக்கும் இடைப்பட்ட சாயல்களைக் காட்ட வேண்டுமானால் குச்சிகள் பாதி சாய்ந்து நிற்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. கீழிருந்து பார்க்கிறவனுக்கு அவை ஒரு தோற்றம், மேலிருந்து பார்க்கிறவனுக்கு வேறு தோற்றம். குச்சி தெரிகிற நீளம் மாறினால் அதன் வழியே வரும் ஒளியின் அளவும் மாறும். அதனால்தான் கீழே குனிந்தபோது நமக்கு எல்லாம் இருண்டது. மேலே நின்ற சிறுமிக்கு வெளிர் சாயல்கள் யாவும் வெளுப்பில் கரைந்தன. கருநீலம் தப்பிற்று, வெளிர் நீலம் போயிற்று.

மயில்கழுத்துப் பட்டுப்புடவையும் கோணத்துக்குக் கோணம் நிறம் மாறுகிறதே என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் அங்கே பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமென்று நெசவாளி வேண்டுமென்றே செய்த அழகு அது. புடவைக்கு அழகாயிருப்பது பூகோளப் படத்துக்கு அழகாகாது.

இவ்விடத்தில் நம் நாட்டைச் சேர்ந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஸர் சி. வி. ராமனுடைய சகோதரியின் புதல்வர் எஸ். சந்திரசேகர் என்று ஒருவர் இருந்தார். நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் அல்லர், இவர் வேறு. பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவ ஸ்படிகங்களையே தமது வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். அதுவரையில் குச்சி போன்ற அணுக்கூட்டங்கள்தாம் திரவ ஸ்படிகமாகும் என்று உலகம் நம்பியிருந்தது. 1977-இல் இவரும் இவருடைய சகாக்களும், தட்டு வடிவமுள்ள அணுக்கூட்டங்களும் அவ்வாறே ஆகும் என்று கண்டு, அதை ‘பிரமாணா’ என்ற நமது நாட்டுப் பௌதிகப் பத்திரிகையிலேயே வெளியிட்டார்கள். அடுக்கி வைத்த தட்டுகளைப் போல் ஒன்றின்மேல் ஒன்றாக அவை நிற்கும். இதனால் என்ன லாபம் என்று அக்காலத்தில் யாரேனும் கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டமாயிருந்திருக்கும். 1990-களில் ஜப்பானிய ஃபியூஜி கம்பெனியார் அத்தகைய தட்டு வடிவப் பொருளை ஒரு மெல்லிய பிலிமில் பூசி, முறுக்கு வகைத் திரையின் மேல் ஒட்டினார்கள். சரிவாகப் போகும் ஒளியில் குச்சிகள் செய்யும் பிழையைத் தட்டுகள் பெரும்பாலும் ஈடு செய்துவிட்டன. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் தெரிய ஆரம்பித்தது. உலகத்து மேஜைகளில் கோடிக்கணக்கில் உட்கார்ந்த மானிட்டர்களுக்குள் இந்த வகைப் பொருள் இருந்தது. ஆனால் அந்தப் பிலிமால் மேல் கீழ்க் கோளாறை முற்றிலும் தீர்க்க முடியவில்லை. எங்கள் மூன்றாமவருக்கு அதனால் கிடைத்தது அரை நியாயந்தான்.

அக்கோளாறைத் தீர்க்க வேறு வழிகளும் பிறந்தன. குச்சிகளைச் சாயவிடாமல் திரைக்கு இணையாகப் படுக்க வைத்து, கடிகார முள்ளைப் போல் அந்தத் தளத்திலேயே திரும்பச் செய்வது ஒரு வழி. ஐ.பி.எஸ். என்று அதற்குப் பெயர். ஜப்பானில் ஹிட்டாச்சி கம்பெனியார் 1996-இல் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். படுத்திருக்கும் முள்ளை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஆகையால் நிறம் அதிகம் மாறுவதில்லை. இருட்டறையில் கறுப்புப் படத்தைப் பார்த்தால் மூலைகளில் ஒரு மங்கலான வெளிச்சம் கசியும். அதுதான் இதன் குறை. இன்னொரு வழி வி.ஏ. என்பது. அதில் குச்சிகள் நாற்று போல் நிமிர்ந்து நிற்கும். மின்சாரம் பாய்ந்ததும் சில இப்பக்கமும் சில அப்பக்கமுமாகச் சாயும். ஒரு பக்கத்துப் பிழையை மறு பக்கம் ஓரளவு நேர் செய்துவிடும். நேரே பார்த்தால் இதன் கறுப்புக்கு இணையில்லை. ஆனால் பக்கத்தில் நகர்ந்தால் இருட்டான சாயல்கள் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கும். டெலிவிஷன்களில் இதைத்தான் அதிகமாகக் காணலாம்.

கடைசியாக ஓ.எல்.இ.டி. வந்திருக்கிறது. 1987-இல் கோடாக் கம்பெனியைச் சேர்ந்த டாங், வான் ஸ்லைக் என்பவர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்தது அது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. பின்விளக்கும் இல்லை, குச்சிகளும் இல்லை. விலையுயர்ந்த டெலிபோன்களில் இருப்பது பெரும்பாலும் இதுவே. மிகவும் சரிவாகப் பார்த்தால் வெள்ளையில் இலேசாக ஒரு நீலமோ பச்சையோ ஓடும், அவ்வளவுதான். சுற்றிச் சுற்றிக் குத்துவிளக்குத் தத்துவத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம்.

புது மானிட்டர் வாங்குவதைப் பற்றி விசாரிக்கச் சென்னையில் ரிச்சித் தெருவுக்குப் போயிருந்தோம். கடைக்காரப் பையன் பெட்டியைக் காட்டி, "178 டிகிரி ஸார், எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்" என்றான். இன்னொரு பெட்டியில் 170, 160 என்று போட்டிருந்தது. 178 டிகிரி என்றால் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 89 டிகிரி. சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லிக்கு அது உபயோகப்படலாம். அது போகட்டும், அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? திரையின் வெளுப்பு கறுப்பைப் போல் எத்தனை மடங்கு பிரகாசம் என்று பார்ப்பார்கள். நேரே பார்க்கும்போது அது ஆயிரம் மடங்கு இருக்கலாம். பக்கத்தில் நகர நகரக் குறையும். பத்து மடங்காகக் குறையும் வரையில் ‘தெரிகிறது’ என்று கணக்கு! சில சமயம் ஐந்து மடங்கு வரையிலும்கூட இறங்குவதுண்டு. நிறம் மாறியதா, வெளிர் நீலம் பிழைத்ததா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. நம் பள்ளி மானிட்டரின் பழைய பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தோம். அதிலும் மேல் கீழ் 160 டிகிரி என்று கம்பீரமாக அச்சடித்திருந்தது.

ஆகவே பெட்டியைப் படிப்பதைவிடத் திரையைச் சுற்றி நடப்பது உத்தமம். மிக வெளிறிய சில நிறங்களும் மிக இருண்ட சில நிறங்களும் உள்ள ஒரு படத்தைக் கடையில் போடச் சொல்ல வேண்டும். முதலில் நேரே உட்கார்ந்து பார்க்க வேண்டும்; பிறகு நின்று பார்க்க வேண்டும்; வெட்கப்படாமல் குனிந்தும் பார்க்க வேண்டும். நாம் அவ்வாறு குனிந்தபோது பக்கத்துக் கடைக்காரர், "என்ன ஸார் தொலைத்துவிட்டீர்கள்?" என்று கேட்டார். ஓர் ஏரியைத் தொலைத்ததாகச் சொன்னோம். முறுக்கு வகையைச் செங்குத்தாகத் திருப்பி வைத்துப் பார்ப்பதும் ஒரு வேடிக்கை. மேல் கீழ்க் கோளாறு அப்போது இடம் வலமாகிவிடும். ஒரு கண்ணுக்கு ஒரு பிரகாசமும் மறு கண்ணுக்கு வேறு பிரகாசமுமாகத் தெரியும்.

முறுக்கு வகைக்கென்றே ஆதரவாளர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். விலை குறைவு; படம் மிக விரைவாக மாறும்; ஆகையால் பந்தய விளையாட்டுக்காரர்கள் அதை விரும்பினார்கள். தனியொருவர் எதிரே உட்கார்ந்து கணக்கு எழுத அது தாராளமாகப் போதும். பாங்கியில் பணம் எடுக்கும்போது நம் கணக்கு பக்கத்து மனிதருக்குத் தெரியாமலிருப்பதுதான் நல்லது. அதற்காகவே திரையின் மேல் மறைப்புத் தாள் வாங்கி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எக்ஸ்ரே படத்தை இரண்டு டாக்டர்கள் தோளோடு தோள் நின்று பார்க்கும் இடத்திலும், மூன்று குழந்தைகள் ஒரு படத்தைப் பார்த்துப் பரீட்சை எழுதும் இடத்திலும், விலை குறைவென்று அதை வைப்பது நியாயமாக நமக்குத் தோன்றவில்லை. ஐ.பி.எஸ். வகைக்கும் அதற்கும் முன்னிருந்த விலை வித்தியாசம் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

புது மானிட்டர்கள் எங்கள் பள்ளிக்கு வரும்போது வரட்டும். இருப்பதைக் கொண்டு செய்யக்கூடியதைச் செய்திருக்கிறோம். மானிட்டர்களுக்கு அடியில் பழைய ரிகார்டு நோட்டுகளை அடுக்கி உயர்த்தினோம். திரைகளைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்தோம். பெஞ்சிகளைப் பின்னுக்குத் தள்ளினோம். தூரம் கூடினால் கோணம் குறையும் என்பது ஜியோமிதி. நின்று பார்ப்பது ஒழிந்தது. மூன்றாமவருக்கும் ஒரு ஸ்டூல் கிடைத்தது. வாரம் ஒரு முறை மூவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். படங்களை நாமே தயாரிக்கும்போது வெளிர் நிறத்தை நம்பாமல் சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடும், நடுவில் பெயரும் போட்டுவிடுகிறோம். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி இரண்டு மானிட்டர்களைத் திருப்பியும் வைத்தோம்.

அந்தச் சுழியையும் அடித்துவிட்டு, வகுப்பின் முன்னிலையில் காரணத்தைச் சொன்னோம். அந்தச் சிறுமியைக் கூப்பிட்டு நடு இடத்தில் உட்கார வைத்து, "இப்போது சொல்லம்மா, எத்தனை?" என்று கேட்டோம்.

"ஐந்து, ஸார்" என்றாள். சற்று நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, தயக்கத்தோடு மறுபடியும் சொன்னாள்: "ஆனால் நிறம் தப்பு, ஸார். எங்கள் ஆயா வீட்டு ஏரி நீலமாயிருக்காது. சேற்று நிறமாய்த்தான் இருக்கும்."